நின்ற நேரம் இரண்டு விநாடி

ஆறுமுகநயினார் இருபத்திரண்டு வருஷமாக லேப்டாப் பழுது பார்க்கிறவர். அத்தனை வருஷத்தில் அவர் கண்டுபிடித்த ஞானம் ஒன்றே ஒன்றுதான். மெஷின் பொய் சொல்லாது, அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்தான் சொல்லுவார். கெட்ட எண்ணம் எல்லாம் கிடையாது, பாவம். திரை இருபது விநாடி நின்றிருக்கும், "அரைமணி நேரமா அப்படியே நிக்குது அண்ணாச்சி" என்பார்கள். காப்பியைக் கொட்டியிருப்பார்கள், "தானா அணைஞ்சு போச்சு" என்பார்கள்.

அதனால் வண்ணார்பேட்டையில் இருந்த அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. 'திடீர் திடீரென்று நிற்கிறது' என்று யார் வந்தாலும், கையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்துவிடுவார். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம் நின்றது என்று நாலு கட்டம் போட்டிருக்கும். ஒரு வாரம் எழுதிக்கொண்டு வந்தால்தான் மெஷினைத் திறப்பார். எவ்வளவு நேரம் என்ற கட்டத்தை மட்டும் படித்துவிட்டு மனதுக்குள் பத்தால் வகுத்துக்கொள்வார்.

செண்பகவல்லி அந்தக் கடைக்கு வந்தது ஆடிக் காற்று மண்ணை வாரிக் கண்ணில் அடிக்கிற ஒரு காலையில். முப்பத்தைந்து வயசிருக்கும். லேப்டாப்பைச் சேலைத் தலைப்பால் மூடிக் கைக்குழந்தை மாதிரி கொண்டுவந்தாள். பின்னாலேயே அவள் கணவன் கோமதிநாயகம். சமாதானபுரத்தில் வீட்டு முன்னறையிலேயே பைக் பட்டறை வைத்திருக்கிறவன், விரல் எல்லாம் கிரீஸ்.

"புதுசு அண்ணாச்சி. வாங்கி நாப்பது நாள்கூட ஆவல. திடீர்னு நின்னுருது. படம் அப்படியே நிக்கும், ஒண்ணுமே வேலை செய்யாது. பொறவு தானா ஓடும்" என்றாள்.

"என்ன செய்யும்போது நிக்குது?"

"பஸ் ஓட்டும்போது."

நயினார் நிமிர்ந்து பார்த்தார். பஸ்கள் தாமாகவே ஓடத் தொடங்கி அப்போது ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. சமவெளியில் டிரைவர் இல்லாமல் ஓடிவிடும். மலைப்பாதையில் மட்டும் மனிதக் கண் இல்லாமல் ஏறக்கூடாது என்று சட்டம். அந்த மனிதர் பஸ்ஸுக்குள் இருக்க வேண்டியதில்லை. வீட்டில் உட்கார்ந்து, லேப்டாப்பில் பாதையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் மாட்டிய சின்ன ஸ்டியரிங்கைத் திருப்பினால் போதும். தொலை ஓட்டுநர் என்று பெயர். செண்பகவல்லி மேலப்பாறை மலைப்பாதைக்குத் தொலை ஓட்டுநர். பதிமூன்று கொண்டை ஊசி வளைவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் போற வண்டி அண்ணாச்சி. மெஷின் நின்னா வண்டியும் அந்த இடத்துலயே பிரேக் போட்டு நின்னுரும். மலைக்காரங்க எல்லாம் 'நின்னு நின்னு போற பஸ்'னே பேரு வச்சுட்டாங்க. நாலு தடவை ஆயிட்டு. ஏழு தடவை ஆச்சுன்னா என்னைய எடுத்துட்டு வேற ஆள் போடுவாங்களாம். மெஷின் செய்த தப்புக்கு நான் என்ன செய்ய?"

"சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவ அண்ணாச்சி இவ" என்றான் கோமதிநாயகம். கேலியாகத் தொடங்கினாலும் குரலில் பெருமைதான் இருந்தது. "நான் ஊர் வண்டியெல்லாம் பிரிச்சு மாட்டுதேன். எம்பொண்டாட்டி ஒரு மிதி மிதிக்க மாட்டா. ஆனா மலையில அவ்வளவு பெரிய பஸ்ஸ என்னமா வளைக்கா தெரியுமா?"

"அந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி" என்றாள் அவள். இதைச் சொல்லும்போது அழவில்லை. லேப்டாப்பின் மூலையைத் தடவிக்கொண்டே சொன்னாள், அது நயினாருக்கு என்னவோ செய்தது.

அவசரம் என்பதால் நோட்டை எழுதச் சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக மெஷினையும் மூன்று நாள் வாங்கி வைத்துக்கொண்டார். டிப்போவில் அவளுக்குப் பழைய மெஷின் ஒன்றைத் தற்காலிகமாகத் தந்தார்கள். நயினார் சூடு ஏறுகிறதா என்று பார்த்தார். நினைவகத்தை மாற்றிப் பார்த்தார். சார்ஜரை மாற்றினார், மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டார். தன் கையாலேயே மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார். மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி சமர்த்தாக ஓடியது.

"இங்க நிக்கல ம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். இந்த ஒரு வரியைச் சொல்லாத பழுதுக்காரர் உலகத்தில் கிடையாது.

ஐந்து நாள் கழித்து அவள் கணவனோடு மறுபடி வந்தாள். முதல் நாலையும் நினைவிலிருந்து எழுதியிருந்த நோட்டில் இரண்டு பதிவு புதிதாக ஏறியிருந்தது. டிப்போ கொடுத்த பஸ் ஓட்டப் பதிவையும் ஒரு தாளாக மடித்து உள்ளே வைத்திருந்தாள். "ஆறு ஆயிட்டு அண்ணாச்சி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றைக்குத்தான் நயினார் அந்தப் பொட்டைப் பார்த்தார். பார்த்தார் என்றால், அது முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. திரைக்கு மேலே கறுப்புச் சட்டத்தின் நடுவில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பட்டறையில் ஸ்பேனர், காற்றடிக்கும் பம்பு, வீட்டில் மிக்ஸி, துணி துவைக்கிற மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறவன் கோமதிநாயகம். புது லேப்டாப்பை விடுவானா? நெற்றி எங்கே இருக்கும் என்று பார்த்து, சரியாக நடுவில் வைத்துவிட்டான். பொட்டு இல்லாத மெஷின்தான் நயினார் கடையில் அதிசயம் என்பதால் அவருக்கும் அது கண்ணில் உறுத்தவில்லை. இப்போது நகத்தால் சுரண்டினார். அடியில் கடுகளவுக் கேமரா.

"அட கோட்டிக்காரா" என்றார், கணவனையும் தன்னையும் சேர்த்தே கிறுக்கர் கணக்கில் வைத்து.

பிறகு விளக்கினார். "இது தொலை ஓட்டுநருக்குன்னே செய்த மெஷின் ம்மா. முன்னால மனுசன் இருக்கானான்னு ரெண்டு சாட்சி வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கும். கேமரா ஒங்க கண்ணப் பாக்கும். இடது கைய வைக்கிற இந்தத் தகடு ஒங்க கைய உணரும். ரெண்டுல ஒரு சாட்சி 'ஆள் இருக்கு'ன்னா போதும், ஓடும். ரெண்டுமே இல்லன்னா நின்னுரும். நம்ம ஆளு ஒரு சாட்சியோட கண்ண சந்தனத்தால அடைச்சுட்டாரு. மிச்சம் இருந்த ஒத்தச் சாட்சி அப்பப்பம் தடுமாறிருக்கு. அதாம் நின்னுருக்கு."

கோமதிநாயகம் தலையில் அடித்துக்கொண்டான். செண்பகவல்லி அவனை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்குப் போனபிறகு அவனுக்குக் கிடைக்கப்போவது என்ன என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

நயினார் திரவம் தொட்டுத் துடைத்தார். கேமராவின் கண் பளிச்சென்று தெரிந்தது. அதோடு மெஷின் நிற்பதும் நின்றது. ஒரு நாள், இரண்டு நாள், எட்டு நாள். ஒன்பதாம் நாள் மதியம் செண்பகவல்லி ஒரு தகர டப்பா நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்து கடை மேசைமேல் வைத்தாள்.

"ஒரு தடவைகூட நிக்கல அண்ணாச்சி. நீங்க நல்லாருக்கணும். எம்பிள்ளையள்ட்ட, கும்பிடுத சாமியோட ஒங்களையும் சேத்துக் கும்பிடச் சொல்லிருக்கேன்."

"சாமி கோவிச்சுக்கும். மூணு மணி வண்டிக்கு நேரமாயிட்டு, போங்கம்மா" என்று சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் ஏகப்பட்ட சந்தோஷம். நன்றி என்று வாயால் சொல்லுகிற வாடிக்கையாளர் வருஷத்துக்கு ஒருவர் வந்தாலே பெரிசு.

அவள் போனபிறகு ஒரு முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டே, பழைய கணக்கோடு சேர்த்து வைக்கலாம் என்று அவளுடைய நோட்டை எடுத்தார். எடுத்தவர் சும்மா வைத்திருக்கலாம். பழக்கதோஷம், புரட்டினார்.

ஆடி பதினொன்று, காலை ஏழு ஐம்பது, ஏழாம் வளைவு, நின்ற நேரம் இரண்டு விநாடி. ஆடி பதினான்கு, மாலை மூன்று பதினெட்டு, மூன்றாம் வளைவு, இரண்டு விநாடி. எல்லாப் பதிவிலும் இரண்டு விநாடி, ஒன்றில் மட்டும் மூன்று. உள்ளே மடித்திருந்த டிப்போ தாளை விரித்தார். அதே தேதி, அதே நேரம். பஸ் நின்றது பதினோரு விநாடி. பத்து விநாடி. பன்னிரண்டு.

வாயில் இருந்ததை மெல்ல மறந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில், நின்ற நேரத்தைக் கூட்டிச் சொன்ன ஆயிரம் பேரை அவர் பார்த்திருக்கிறார். குறைத்துச் சொன்ன ஒரு ஆளைப் பார்த்ததில்லை. அவசரத்தில் இருக்கிறவனுக்கு இரண்டு விநாடி இருபதாகத் தெரியுமே தவிர, பதினொன்று இரண்டாகத் தெரியாது. அதுவும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாதாளத்தின் ஓரத்தில் நிற்கிறவளுக்கு.

அப்படியென்றால் மிச்ச ஒன்பது விநாடி அவள் எங்கே போயிருந்தாள்?

ஒவ்வொரு தடவையும் மெஷினில் கை வைக்கும்முன் உள்பதிவை நகல் எடுத்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அதைத் திறந்தார். கைத்தகட்டின் பதிவு தனி வரிசையாக இருந்தது. விழித்திருக்கிற மனிதன் கையை எவ்வளவு அசையாமல் வைத்தாலும் விரல்கள் உள்ளுக்குள் சின்னச் சின்னதாக ஆடிக்கொண்டேதான் இருக்கும். தகடு உணர்வது அந்த ஆட்டத்தைத்தான். கையை எடுத்துவிட்டால் 'கையை வையுங்கள்' என்று திரையில் எழுத்து வரும். ஆனால் அந்த ஆறு நேரத்திலும் கை தகட்டின்மேலேயே இருந்தது, ஆட்டம் மட்டும் இல்லை. கை இருக்கிறது, ஆள் இல்லை என்றால் என்ன செய்தி காட்டுவது என்று மெஷினைச் செய்தவர்கள் யோசிக்கவே இல்லை. அதனால் அது பேசாமல் நின்றிருக்கிறது. ஒன்பது விநாடி கழித்து விரல்கள் ஆட, இரண்டு விநாடி சோதித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஓடியிருக்கிறது. அவள் கண்டது அந்தக் கடைசி இரண்டை மட்டும்தான்.

நின்றது மெஷின் இல்லை. அவள்தான் நின்றாள். மெஷின் அவள் திரும்பி வருகிறவரை காத்திருந்தது. அதன் ஒரு கண்ணைச் சந்தனம் அடைத்திருந்ததால்தான் காத்திருந்தது. இப்போது அந்தக் கண்ணைத் துடைத்துவிட்ட புண்ணியவான் யார்? கண் திறந்தபடியே அவள் நினைவு போனால், கேமரா அந்தத் திறந்த கண்ணைப் பார்த்துவிட்டு 'ஆள் இருக்கு' என்று சாட்சி சொல்லும். பஸ் ஒன்பது விநாடி தன்பாட்டுக்குப் போகும். கொண்டை ஊசி வளைவில் நேராகப் போகும்.

மணி மூன்று ஐந்து. அவள் போனுக்கு அடித்தார். வண்டி எடுத்தால் போனை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது விதி. கோமதிநாயகம் எடுக்கவில்லை. பட்டறையில் ஏதோ ஒரு பைக்கை உறுமவிட்டுக்கொண்டிருப்பான். டிப்போவுக்கு அடித்தார். எந்தக் குறைக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று ஒரு குரல் இனிமையாகப் பாடம் நடத்தியது. நயினார் கடையைப் பூட்டாமல், வாசல் துணியை மட்டும் இழுத்துவிட்டுவிட்டு, ஸ்கூட்டரை எடுத்தார்.

முருகன்குறிச்சி சிக்னலில் சிவப்பு. வாழ்நாளில் முதல் தடவையாக நிற்காமல் போனார். சமாதானபுரம் வந்து சேர்ந்தபோது மூன்று இருபது.

"என்ன அண்ணாச்சி, இப்படி மூச்சு வாங்குதிய?" என்று எழுந்தான் கோமதிநாயகம்.

"குங்குமம் எங்கவே?"

"என்னது?"

"குங்குமச் சிமிழு. கேள்வி கேக்காத, எடு."

சாமி படத்துக்கு முன்னால் இருந்த சிமிழை அவன் எடுத்துக் கொடுத்தான். நயினார் செருப்போடு உள்ளறைக்குள் நுழைந்தார். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறி ஓட, செண்பகவல்லி திரைமுன் உட்கார்ந்திருந்தாள். இடது கை தகட்டில், வலது கை ஸ்டியரிங்கில். திரையில் மேலப்பாறைச் சாலை ஏறிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு கல்லில் நாலு என்று எழுதியிருந்தது. அவர் பின்னாலிருந்து கையை நீட்டி, குங்குமத்தை எச்சில் தொட்டுக் குழைத்து, கேமராவின்மேல் அப்பினார்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதிய?" கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல தாயி. நீ ஓட்டு. பொட்டு இல்லாம பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சு."

அவள் சிரித்தாள். "ஒங்களுக்கும் இவரு தொத்து ஒட்டிக்கிட்டா?"

இனி பயமில்லை, எது வந்தாலும் வண்டி நின்றுவிடும். ஆனாலும் நயினார் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. தான் நினைத்தது தப்பாக இருக்க வேண்டும் என்று இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டார். ஐந்து, ஆறு, ஏழு. அவள் ஓட்டுவது பார்க்கவே அழகாக இருந்தது. வளைவு வருவதற்கு முன்பே தோள் சாய்ந்தது, ஸ்டியரிங் பூமாதிரி திரும்பியது. எட்டாம் வளைவில் ஒரு பலாமரம், அதன்கீழே பள்ளிக்கூடப் பை மாட்டிய இரண்டு பிள்ளைகள் இறங்கிக் கையாட்டின. அவள் ஹார்னைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

ஒன்பதாம் வளைவின் தொடக்கத்தில் திரை நின்றது.

நயினார் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். கண் திறந்திருந்தது. இமை அசையவில்லை. முகத்தில் வலி இல்லை, பயம் இல்லை, ஒன்றுமே இல்லை. ஆள் இல்லாத வீட்டில் விளக்கு எரிகிற மாதிரி இருந்தது. வாசலில் நின்ற கோமதிநாயகமும் பார்த்தான். "ஏ செண்பகம்" என்றான். அவளுக்குக் கேட்கவில்லை. நயினார் உதட்டுக்குள் எண்ணினார். எட்டு. ஒன்பது. இமை ஒரு முறை அடித்தது.

"பாத்தியளா அண்ணாச்சி, பொட்ட வச்சிய, மறுபடி நிக்குது" என்று அவள் திரையைத் தட்டினாள். அதற்குள் சாலை ஓடத் தொடங்கியது. "ரெண்டு செகண்டு. வண்டி ஏழாவது தடவை நின்னுட்டு. சும்மா இருந்தத எதுக்கு..." என்று திரும்பியவள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள்.

"வண்டிய மேல கொண்டு சேத்துரு தாயி. மெதுவா. பொறவு பேசுவோம்."

மிச்ச நாலு வளைவையும் அவள் மெல்ல ஏற்றினாள். பஸ் மேலப்பாறையில் நின்று, கதவு திறந்து, கடைசிப் பிள்ளை இறங்கியபிறகுதான் நயினார் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. அவருக்கு அப்படிப் பேசவும் தெரியாது.

முதலில் வெடித்தது கோமதிநாயகம்தான். "மெஷினச் சரி பண்ணச் சொன்னா, நீங்க ஆளுல கோளாறு சொல்லுதிய." கொஞ்ச நேரத்தில் குரல் இறங்கிவிட்டது. "சரி, அப்படியே இருக்கட்டும். பொட்டு இருந்தா வண்டி நின்னுருதுல்லா? யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்லையே. நின்னு நின்னு போட்டும். நாம யாருட்டயும் சொல்லாண்டாம். அண்ணாச்சி, நீங்களும் சொல்லாதிய, ஒங்கள கையெடுத்துக் கும்பிடுதேன்."

அந்த நேரம் நயினாருக்கு அவன் சொல்வதும் ஒரு நியாயமாகத்தான் பட்டது. ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைக்க யாருக்குத்தான் மனசு வரும்?

செண்பகவல்லி தன் இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடைய கையோ போல.

"பழைய மெஷின்ல இந்தச் சாட்சி எல்லாம் உண்டா அண்ணாச்சி?"

"இல்ல ம்மா."

"போன வருசம் ஆறாம் வளைவுல வண்டி சுவத்துல ஒரசிட்டு. பிரேக்கு பிடிக்கலன்னு எழுதிக் கொடுத்தேன். நானும் அப்படித்தான் நம்பினேன்." விரல்களை மடக்கி விரித்தாள். "அது பாறைப் பக்கம். பள்ளத்துப் பக்கம் இல்ல."

நயினார் குங்குமச் சிமிழை மூடிக் கீழே வைத்தார்.

"வளைவுல நிக்கும்போது பின்னால ஒரு லாரி வந்தா என்ன செய்ய?" என்று கணவனிடம் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளே எழுந்து அலமாரியைத் திறந்து போனை எடுத்தாள். டிப்போவுக்கு எந்த எண் அழுத்தினால் மனிதக் குரல் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "நான் செண்பகவல்லி பேசுதேன். கீழ இறக்க வேற ஆள் போடுங்க. எனக்கு ஒடம்பு சரியில்ல. எப்பம் சரியாவும்னு தெரியல" என்றாள். அதைச் சொல்லி முடித்தபிறகுதான் அழுதாள்.

பிற்பாடு நயினார் மெஷினின் பதிவைப் பார்த்தார். அவர் பெருமையோடு கேமராவைத் துடைத்துக் கொடுத்த அந்த எட்டு நாளில் அவள் நினைவு இரண்டு தடவை போயிருந்தது. இரண்டும் அடிவாரத்து நேர்ச் சாலையில். முந்திரிக்கொத்துத் தின்ற வாயால் அன்றைக்கு அவர் எந்தச் சாமிக்கு எத்தனை தடவை நன்றி சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை.

நரம்பு டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பில் வரும், டீச்சர் 'கனவு காணாதே' என்று அடிப்பாள். பெரியவர்களுக்கும் அபூர்வமாக வரும். வந்தவருக்கே தெரியாது. மாத்திரைக்குக் கட்டுப்படும் என்றார். ஆறு மாசம் ஒரு தடவைகூட வராமல் இருந்தால் வேலைக்குச் சீட்டுத் தருவேன், வந்தால் இனி எந்த வண்டியும் கிடையாது என்றார்.

மெஷின் கம்பெனிக்கு நயினார் இரண்டு பக்கம் கடிதம் எழுதினார். கை இருந்து ஆள் இல்லாத நேரத்துக்கு ஒரு செய்தி வையுங்கள் என்று கேட்டார். மூன்று மாசம் பதில் இல்லை. பிறகு வைத்தார்கள். அதன்பிறகு அந்தப் பக்கத்துத் தொலை ஓட்டுநர்களில் இன்னும் இரண்டு பேர் பிடிபட்டார்கள். பிடிபட்டார்கள் என்றுதான் ஊர் சொன்னது, ஏதோ திருடின மாதிரி. மெஷின் நம்மை வேவு பார்க்கிறது என்று சில ஓட்டுநர்கள் தகட்டின்மேல் துணியைப் போட்டார்கள். நயினார் கடைக்கு வந்து சண்டை போட்டவர்களும் உண்டு. சங்கம் தலையிட்டு, வைத்தியம் முடிகிறவரை யார் வேலையும் போகக்கூடாது, டிப்போவிலேயே வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கியபிறகுதான் துணிகள் இறங்கின. செண்பகவல்லி டிப்போவில் தொலைந்த சாமான் பிரிவில் உட்கார்ந்து, குடைகளுக்கு அட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் அந்த லேப்டாப்பில் பயிற்சி ஓட்டம். பொய்ச் சாலை, பொய்ப் பஸ், உண்மையான கைத்தகடு. ஐந்து மாசமாக ஒரு தடங்கல் இல்லை.

தை பிறந்து மூன்றாம் வாரம் ஒருநாள் பதினொன்றரை மணிக்கு நயினார் கடை வாசலில் கோமதிநாயகத்தின் பைக் வந்து நின்றது. பின்னால் இருந்து செண்பகவல்லி இறங்கினாள். முதல் நாள் வந்தது மாதிரியே லேப்டாப்பைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"மறுபடி நின்னுட்டு அண்ணாச்சி" என்றாள்.

கோமதிநாயகம் கடைக்குள் வரவில்லை. பைக்கின் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டு வெளியிலேயே நின்றான். டாக்டர் சீட்டுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் பாக்கி. மேசைமேல் அவள் லேப்டாப்பை வைத்தாள். மேலே சந்தனமும் குங்குமமும் புதிதாக ஈரத்தோடு இருந்தன.

நயினாருக்கு அதைத் திறக்கத் துணிவு வரவில்லை. திறந்தால் தெரிந்துவிடும். தெரிவதை ஒரு நிமிஷம் தள்ளிப்போடலாம் என்று, "நோட்ட எழுதினியளா?" என்று கேட்டார்.

டாக்டரிடம் காட்ட அவர் திருப்பிக் கொடுத்திருந்த அதே நோட்டை அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பழைய பக்கங்களில் இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு. அதற்குக் கீழே இன்றைய தேதியில், ஒரே ஒரு வரி.

காலை பத்து நாற்பது. பயிற்சி, ஐந்தாம் வளைவு. நின்ற நேரம் பத்து நிமிஷம்.

நயினார் அதை ஒரு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு நோட்டை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் உசுரக் கையில பிடிச்சிட்டு வந்துருக்கேன், நீங்க சிரிக்கிய."

"நெசமாவே பத்து நிமிசமா நின்னுச்சு?"

"பின்ன? பத்து நிமிசத்துக்குக் கொறையாது. அசையவே மாட்டேங்கு. நான் தட்டுதேன், அமுக்குதேன், எல்லா எழுத்துக்கட்டையையும் போட்டுக் குத்துதேன். அடுப்புல பால வேற வச்சுருந்தேன், அது பொங்கி வழியுத வரைக்கும் நின்னுச்சு."

"கோமதி" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "உள்ள வாரும். கோளாறு மெஷின்லதான். உம்ம பொண்டாட்டி நல்லாருக்கா."

"தொறந்தே பாக்கலியே?" என்றாள் அவள், நம்பாமல்.

அவளுக்காகத் திறந்து பார்த்தார். திரை நின்றிருந்தது நாற்பத்தொரு விநாடி. அந்த நாற்பத்தொரு விநாடியும் கைத்தகட்டில் அவள் விரல்கள் துடித்துக்கொண்டே இருந்தன. அந்த நேரத்துக்குள் எழுபத்துமூன்று தடவை விசைகளைக் குத்தியிருந்தாள். பின்மூடியைக் கழற்றினார். நினைவகப் பலகை ஒரு முனையில் தூக்கிக்கொண்டிருந்தது. ஆடி மாசம் மாற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டியபோது அவரே சரியாக அழுத்தாமல் விட்டது. அதைச் சொன்னார். தன் தப்பை ஒப்புக்கொள்ள அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வாழ்க்கையில் ஒருநாளும் இருந்ததில்லை.

செண்பகவல்லி ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கோமதிநாயகத்துக்குத் தெரியவில்லை. கிரீஸ் கையை அவள் தோளில் வைப்பதா வேண்டாமா என்று தவித்துவிட்டு, வைத்தான். ரவிக்கையில் கறை பட்டது. அவள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

"ஒங்களுக்கு நான் என்ன சொல்ல அண்ணாச்சி" என்றாள், குரல் தெளிந்தபிறகு. "எம்பிள்ளையளுக்கும் அந்தப் பஸ்ஸுல போற பிள்ளையளுக்கும் நீங்க..." அதற்குமேல் சொல்ல முடியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

"என்னையக் கும்பிடாதிய. இந்த மனுசனக் கும்பிடுங்க. மெஷினோட கண்ண அவன் மூடி வச்சதுனாலதான் எங்கண்ணு தொறந்துச்சு" என்றார் நயினார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மூடியைக் கழற்றும்போது பொட்டு கொஞ்சம் கலைந்திருந்தது. கோமதிநாயகம் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். "இனிமே எங்க வைக்கட்டும் அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க."

"அதே எடத்துலதான் வையும்."

நயினார் நினைவகப் பலகையை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி உட்காரவைத்தார். கிளிக் என்றது. செண்பகவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒரு மணி நேரமா ஒக்காந்துருக்கேன். சீக்கிரம் குடுங்க அண்ணாச்சி, எனக்குச் சோலி கெடக்கு."

அவள் கடைக்கு வந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது.